நல்லசிவத்தின் வயிற்றுப் பூச்சி

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் தில்லி மோதி பாக் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு இருமல் கேட்கும். அறுவடை முடிந்த வயல்களில் தாளைக் கொளுத்தும் புகையும் வண்டிப் புகையும் பனியோடு கலந்து இறங்க, மாடிக்கு மாடி ஆவி பிடிப்பார்கள், மூக்கைச் சிந்துவார்கள், டாக்டரிடம் போய் நிற்பார்கள். நல்லசிவத்தை மட்டும் அது ஒன்றும் செய்வதில்லை. அரசாங்கக் கட்டடங்களில் மின்வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் அவர். தூசியிலும் புகையிலும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியறைகளிலும் ஏறி இறங்கிவிட்டு வந்து, குளித்து, தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறவர். தில்லிக்கு வந்து முப்பது வருஷத்தில் ஒரு தும்மல் தும்மியதில்லை என்று அலுவலகத்தில் பெருமையடித்துக்கொள்வார். கேட்பவர்களுக்கு எரிச்சலாக இருக்கும்.

அந்தப் பெருமையில்தான், மனைவி தாயம்மாளுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போய்விட்டன என்று டாக்டர்கள் சொன்னபோது, "என்கிட்ட ரெண்டு இருக்கில்லா, ஒண்ண எடுத்துக்கிடுங்க" என்று யோசிக்காமல் சொன்னார்.

தாயம்மாள் சம்மதிக்கவில்லை. ரத்தக்கொதிப்பு இருப்பதே தெரியாமல் பல வருஷம் ஓடி, தெரிந்தபோது சிறுநீரகம் பாதி போயிருந்தது. பிறகு மீதியும் போயிற்று. டயாலிசிஸுக்குப் போய்வந்த நாட்களில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். ஒருகாலத்தில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயையும் சின்ன வெங்காயத்தையும் பேரம் பேசி வாங்கிக்கொண்டு, இரண்டு கையிலும் பையைத் தூக்கியபடி பஸ் ஏறியவள் அவள். அப்படி இருந்தும் பிடிவாதம் குறையவில்லை.

"நல்லாருக்க ஒடம்ப அறுத்து எனக்குக் குடுக்கவா? நீங்க சும்மா கெடங்க அத்தான். நாளைக்கு ஒங்களுக்கு ஒண்ணுன்னா அகல்யாவ யாரு பாப்பா?"

"ஒனக்கு ஒண்ணுன்னா மட்டும் நான் அவள நல்லாப் பாத்துருவனாக்கும்? எனக்கு ரசம் வைக்கவே தெரியாது."

மகள் அகல்யா குறுக்கே வந்தாள். அவள் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், குருகிராமில் வேலை பார்க்கிறாள். தன்னுடையதைத் தருகிறேன் என்று முதலில் கேட்டவளும் அவள்தான். அவளுடைய ரத்த வகை சேரவில்லை. சேர்ந்திருந்தாலும் தாயம்மாள் விட்டிருக்க மாட்டாள்.

"அம்மா, பஸ் கரோ, போதும். அப்பாவோடது மேட்ச் ஆகுது. இதுக்கு மேல என்ன டிஸ்கஷன்?"

அந்த ஆஸ்பத்திரியில் கணவனுக்கு மனைவி கொடுப்பதும், மகனுக்கு அம்மா கொடுப்பதும் வழக்கம்தான். மனைவிக்குக் கணவன் கொடுக்க வந்து நிற்பது அபூர்வம். பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த கேரளத்து நர்ஸ் நல்லசிவத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உட்கார நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இதயம் நன்றாக இருந்தது. நுரையீரல் நன்றாக இருந்தது. இரண்டு சிறுநீரகங்களும் இளைஞனுடையவை போல இருக்கின்றன என்று ஒரு டாக்டர் சொன்னார். அதை வீட்டுக்கு வந்து நாலு தடவை சொல்லிக் காட்டினார். அறுவைக்கு நாள் குறித்தாயிற்று. தாயம்மாளும் ஒருவழியாக வாயை மூடிக்கொண்டு, அறுவைக்கு முன்னால் முடித்துவிட வேண்டிய வீட்டு வேலைகளை ஆரம்பித்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். தொற்றுநோய்ப் பிரிவில் ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டும், ரத்தத்தில் ஒரு சின்ன சந்தேகம்.

நல்லசிவம் ஆடிப்போனார். தொற்றுநோய் என்றதும் எதை எதையோ நினைத்தார். தாயம்மாளிடம், "கையெழுத்து ஒண்ணு விட்டுப்போச்சாம்" என்று பொய் சொல்லிவிட்டு அகல்யாவை அழைத்துக்கொண்டு போனார்.

டாக்டர் சிந்துவுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். பெயரைப் பார்த்துவிட்டு அவளே தமிழில் பேச ஆரம்பித்தாள். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்தவளாம். ஆனாலும் பேச்சில் ஹிந்தியும் ஆங்கிலமும் புகுந்து புறப்பட்டன.

"பயப்படாதீங்க அங்கிள். உங்க பிளட்ல ஈசினோஃபில்னு ஒரு டைப் செல் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு. ஏன்னு பாக்கணும். அவ்ளோதான்."

"ஈஸ்னோபிலியாவா? அது எளப்பு இருமல்லா? எனக்கு இருமலே கெடையாது டாக்டர். தில்லியில எல்லாரும் இருமுவாவ, நான் இருமமாட்டேன்."

"அது எனக்கும் இன்ட்ரஸ்டிங்கா இருக்கு" என்று சிரித்தாள் சிந்து. "சொந்த ஊர் எது?"

"அம்பாசமுத்திரம் பக்கம்."

"வயல்ல வேலை செஞ்சிருக்கீங்களா? செருப்பு போடாம?"

நல்லசிவத்துக்குக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. "வயல்ல எவன் செருப்போட எறங்குவான்? பாலிடெக்னிக் முடிக்கிற வரைக்கும் அண்ணனோட சேந்து நடவு, களையெடுப்பு எல்லாம் நாங்கதான். வெளிக்குப் போறதும் அந்த வாய்க்கா ஓரந்தான்."

"ஓகே. அடிக்கடி வயிறு வலிக்குமா?"

"எப்பவாச்சும். அது கோதும ஒத்துக்காதது."

"உடம்புல அரிப்பு?"

"இல்ல."

அகல்யா பக்கத்தில் இருந்து திரும்பினாள். "அப்பா, ஜூட் மத் போலோ, பொய் சொல்லாதீங்க. எப்பப் பாத்தாலும் இடுப்பச் சொறிஞ்சிட்டே இருப்பீங்க. அம்மா சோப்ப மாத்தி மாத்தி வாங்கினாங்களே, எதுக்கு?"

நல்லசிவம் நெளிந்தார். இளம் பெண் ஒருத்தி முன்னால், அதுவும் மகள் பக்கத்தில் இருக்கும்போது, இடுப்புக்குக் கீழே அரிக்கிறது என்று எப்படிச் சொல்வது? கடைசியில் மேஜைமேல் இருந்த காகிதக்கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வருஷத்தில் சில தடவை வரும். சிவப்பாக ஒரு கோடு, நூல் ஒட்டியதுபோல. காலையில் இடுப்பில் இருக்கும். சாப்பாட்டு நேரத்துக்குத் தொடைப் பக்கம் வந்திருக்கும். மறுநாள் ஒன்றுமே இருக்காது. பெல்ட் இறுக்கத்தில் வருகிறது என்று நினைத்திருந்தார்.

சிந்து எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "கோடு நகருதா அங்கிள்? ஒரே நாள்ல?"

"ஆமா. நானே பாத்திருக்கேன்."

"எத்தனை வருஷமா?"

"கலியாணத்துக்கு முந்தியே உண்டு."

அவள் இன்னொரு ரத்தப் பரிசோதனையும் மலப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தாள். முடிவு வரும்வரை அறுவையைத் தள்ளிவைக்க வேண்டும் என்றும் சொன்னாள். சந்தேகம் என்னவென்று அகல்யா கேட்டதற்கு, வயிற்றில் ஒரு வகைப் பூச்சி இருக்கலாம் என்றாள்.

நல்லசிவத்துக்குக் கோபம் வந்துவிட்டது. பூச்சியா? மண்ணைத் தின்னும் பிள்ளைகளுக்கு வருகிறது இது. ஓய்வு பெறும் வயதை நெருங்குகிற அரசாங்கப் பொறியாளருக்கா?

"போன வருசந்தான் பூச்சி மாத்திர போட்டேன். பூச்சிக்காக ஆப்பரேசன நிறுத்துவாங்களா? அங்க அவ ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைக்கா டாக்டர். பூச்சி இருந்தா எனக்குத்தான இருக்கு, கிட்னியிலயா இருக்கு?"

"அதத்தான் அங்கிள் நான் பாக்கணும்" என்றாள் சிந்து. குரல் மாறவில்லை. "உங்க பூச்சி உங்கள ஒண்ணும் பண்ணாது. இத்தனை வருஷமா பண்ணலயே. எனக்குப் பயம் ஆன்ட்டிய நினைச்சு."

வீட்டில் அந்தப் பொய் நிலைக்கவில்லை. நாள் தள்ளிப்போயிற்று என்று தெரிந்ததும் தாயம்மாள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிட்டாள். அறுவைக்காக எடுத்து வைத்திருந்த துணிகளைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினாள்.

"வேண்டாம்னு இருக்கு அத்தான். சாமிக்கே இஷ்டமில்ல போலுக்கு. இத்தோட விட்டுருவோம்."

நல்லசிவம் அலமாரிக் கதவில் சாய்ந்துகொண்டு, "பூச்சிதான தாயி, புத்துநோயா?" என்று மட்டும் சொன்னார். சொல்லும்போதே, இது தன் உடம்பினால் வந்த தடை என்பது சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷம் பெருமைப்பட்ட உடம்பு. இளைஞனுடையது போல என்று சொன்ன சிறுநீரகம். அதை எடுத்துக் கொடுக்கிற நேரத்தில் இப்படி மானத்தை வாங்குகிறது.

முடிவு வரும்வரை இருந்த நாட்கள் மோசமானவை. அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் வயிற்றுக்குள் என்னவோ ஓடுவதுபோல இருக்கும், பாதியில் எழுந்துவிடுவார். மலப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று முதலில் செய்தி வந்தது. "நான்தான் சொன்னேன்லா!" என்று துள்ளினார். ஆனால் சிந்து அதை ஏற்கவில்லை, இந்தப் பூச்சி மலத்தில் லேசில் அகப்படாது, ரத்தப் பரிசோதனை வரட்டும் என்றுவிட்டாள். மறுபடி மலம் கொடுக்கவும் சொன்னாள். அந்தக் கூச்சத்தையும் அவர் விழுங்கிக்கொண்டார்.

ரத்தத்தில் பூச்சிக்கான அடையாளம் இருந்தது. இரண்டாம் தடவை கொடுத்ததில் பூச்சியின் குஞ்சுகளே உயிரோடு நெளிந்தன.

இந்த முறை சிந்து தாயம்மாளையும் அழைத்துவரச் சொல்லியிருந்தாள். சக்கர நாற்காலியில் தாயம்மாளும், ஆளுக்கொரு பக்கம் அப்பாவும் மகளுமாக உட்கார்ந்தார்கள். சிந்து நாற்காலியை மேஜைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஆன்ட்டி, இதோட பேரு ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ். பேர மறந்துடுங்க. நூலை விட சன்னமா இருக்கும். இதோட குஞ்சு ஈர மண்ணுல இருக்கும், வெறுங்காலோட மிதிச்சா தோல் வழியா உள்ள போயிடும். ரத்தத்தோட நுரையீரல், அங்கேருந்து தொண்டை. நாம முழுங்கிடுவோம். அப்புறம் குடல்ல வீடு. மத்த பூச்சிக்கெல்லாம் ஆயுசு கம்மி, மறுபடி வெளியேருந்து வந்தாதான் உண்டு. இது அப்படி இல்ல. இதோட குஞ்சுங்க வெளிய போகாமலே குடல் வழியா, தோல் வழியா திரும்ப உள்ள புகுந்து வளரும். அங்கிள் இடுப்புல ஓடின கோடு அதுதான். அதனாலதான் ஊரை விட்டு வந்து இத்தனை வருஷமாகியும் இருக்கு."

"அப்ப இவிய ஒடம்பு சும்மாவா இருந்துச்சு?" என்று கேட்டாள் தாயம்மாள். "காய்ச்சல் வரணும்லா? எளைக்கணும்லா?"

"சும்மா இல்ல ஆன்ட்டி, அதுதான் விஷயம்." சிந்து சற்று யோசித்து, தமிழ்ச் சொல்லைத் தேடினாள். "நம்ம உடம்புல எதிர்ப்புச் சக்தின்னு சொல்றோமே, அதுல பூச்சிய அடிக்கிறதுக்குன்னே சில அணுக்கள் இருக்கு. ஈசினோஃபில் அந்த டைப். அங்கிள் ரத்தத்துல ஏன் ஜாஸ்தியா இருந்துச்சு? சண்டை நடந்துட்டே இருந்துச்சு, அதனால. ஆனா பூச்சி ரொம்பச் சாலாக், தந்திரம் ஜாஸ்தி. போதும், அடங்குங்கன்னு நம்ம அணுக்களுக்குச் சொல்ற மாதிரி சில பொருளை அது விட்டுட்டே இருக்கும். உடம்புக்கும் வேற வழியில்ல. விடாம முழு வேகத்துல அடிச்சா சொந்தக் குடலே புண்ணாயிடும். அதனால அதுவும் கொஞ்சம் கையக் கட்டிக்கும். பூச்சி ரொம்பப் பெருகாது, உடம்பும் அத முழுசா ஒழிக்காது. இப்படியே நாப்பது வருஷம் ஓடிடும்."

"நான் தும்மாம இருந்ததுக்கும் இதுதான் காரணமா?" நல்லசிவம் மெதுவாகக் கேட்டார்.

"இருக்கலாம். அந்த அடக்குற வேலை பூச்சியோட மட்டும் நிக்காது, மத்ததுலயும் எதிர்ப்ப மந்தமாக்கும்னு ஆராய்ச்சி சொல்லுது. சில பேருக்கு அலர்ஜி குறையுது, சில பேருக்குத் தடுப்பூசி கூட சரியா வேலை செய்யறதில்ல. ஆனா உங்களுக்கு அதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. வெறும் அதிர்ஷ்டமாவும் இருக்கலாம்."

பிறகு அவள் தாயம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப உங்க கதை. புதுக் கிட்னி வெச்சதும் உடம்பு அத வேத்தாளுன்னு நினைச்சு அடிக்கும். அடிக்காம இருக்க எதிர்ப்புச் சக்திய நாங்களே மருந்து கொடுத்துக் குறைப்போம். ஸ்டீராய்டும் கொடுப்போம். அந்த நேரத்துல, அங்கிளோட கிட்னியோட சேந்து இந்தக் குஞ்சும் உங்களுக்குள்ள வந்திருந்தா, தடுக்க ஆளே இருக்காது. கட்டுக்கடங்காம பெருகும். நுரையீரல், மூளைன்னு எல்லா இடத்துக்கும் போகும். போறப்ப குடல்ல இருக்கிற கிருமியையும் ரத்தத்துக்கு இழுத்துட்டுப் போகும். அந்த நிலைமைக்கு வந்தவங்கள்ல நிறையப் பேரக் காப்பாத்த முடியல, ஆன்ட்டி."

அகல்யா அப்பாவைப் பார்த்தாள். அவர் தன் உள்ளங்கைகளை முழங்கால்மேல் விரித்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு அந்தப் பூச்சியைக் கொடுத்திருப்போம், தன் கையாலேயே கொடுத்திருப்போம் என்பதுதான் அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டு, வயிற்றில் கட்டோடு படுத்துக்கொண்டு, பக்கத்து வார்டில் அவள் பிழைத்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டிருப்போம். பிறகு அவளுக்கு மூச்சு திணறியிருக்கும். ஆப்பரேஷன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லியிருப்பார்கள். தான் கொடுத்ததுதான் அவளைக் கொன்றது என்று சாகும்வரை தனக்குத் தெரிந்திருக்காது.

"கண்டுபிடிச்சிட்டீங்களே" என்றார். "நான் அன்னைக்கு ஒங்கள ஏசிட்டேனே டாக்டர்."

"விடுங்க அங்கிள். எல்லாரும் ஏசுவாங்க. பூச்சின்னாலே கோபம் வரும்."

"இனி என்ன செய்யணும்?" அகல்யா கேட்டாள். "ஆப்பரேஷன் கேன்சலா? இதுக்கு ட்ரீட்மென்ட் பெரிசா?"

சிந்து சிரித்தாள். "மாத்திரை. இப்ப ஒரு தடவை, ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. அப்புறம் ரத்தத்தப் பாத்துட்டு ஆப்பரேஷன்."

"அம்புட்டுதானா?" என்றாள் தாயம்மாள்.

அம்புட்டுதான். போன வருஷம் அவர் போட்டது சாதாரணப் பூச்சி மாத்திரை, இதற்கு அது போதாது, வேறு மாத்திரை இருக்கிறது. தாயம்மாளுக்கும் பரிசோதனை செய்தார்கள். ஒன்றும் இல்லை. அவள் பாளையங்கோட்டையில் சிமெண்டுத் தரை வீட்டில் வளர்ந்தவள். இருந்தாலும் அவள் உடம்பு இருக்கிற நிலையில் பரிசோதனையை முழுக்க நம்ப வேண்டாம் என்று சிந்து அவளுக்கும் மாத்திரை எழுதிவிட்டாள்.

மறுநாள் காலை வெறும் வயிற்றில் இருவரும் சமையலறை மேடை ஓரமாக நின்று மாத்திரை போட்டுக்கொண்டார்கள். தாயம்மாள் விழுங்கிவிட்டு வாயைத் துடைத்தபடி, "கலியாணம் முடிஞ்சு இத்தன வருசத்துல நாம ரெண்டு பேரும் சேந்து பூச்சிமருந்து குடிச்சது இதுதான் மொத தடவ" என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது. அகல்யா கதவருகில் நின்று சிரித்துச் சிரித்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நல்லசிவத்துக்கு இரண்டு நாள் உடம்பெல்லாம் அரித்தது. லேசாகக் காய்ச்சலும் வந்தது. பூச்சி சாகும்போது அப்படி இருக்கும் என்று சிந்து முன்னாலேயே சொல்லியிருந்ததால் அவர் அதை ஒரு வெற்றிபோலச் சொறிந்துகொண்டு திரிந்தார். "சாவுது, சாவுது" என்பார். இரண்டாம் தடவை மாத்திரையில் அதுவும் இல்லை. ஈசினோஃபில் படிப்படியாக இறங்கியது. ஒவ்வொரு முறை ரத்தம் கொடுத்துவிட்டு வரும்போதும் சிந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவாள். கடைசி முறை, "அச்சா அங்கிள், இப்ப கொடுங்க" என்றாள்.

அறுவை பிப்ரவரியில் நடந்தது. இருவரையும் பக்கத்துப் பக்கத்து அறைகளுக்கு அழைத்துப்போனார்கள். ஸ்ட்ரெச்சர் இரண்டும் நடைவழியில் ஒரு நொடி ஒட்டி நின்றபோது, தாயம்மாள் போர்வைக்கு வெளியே கையை நீட்டி அவர் தோளைத் தொட்டாள். ஏதோ சொன்னாள். அவர் காதில் விழவில்லை. அதற்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவருக்கு நினைவு திரும்பியபோது விலாவில் கொதிக்கும் கம்பியை வைத்ததுபோல வலி. அகல்யா குனிந்து நின்றாள். முகமூடிக்கு மேலே கண்கள் வீங்கியிருந்தன. அழுதிருக்கிறாள். அவர் தலையைத் தூக்கப் பார்த்தார்.

"அம்மா?"

"அப்பா, பெஷாப் வந்துடுச்சு! மேஜையிலயே வந்துடுச்சாம். கனெக்ட் பண்ணினதுமே வந்துடுச்சுன்னு சர்ஜன் சொன்னாரு. பை நிரம்பி நிரம்பி மாத்தறாங்களாம்."

நல்லசிவம் கண்ணை மூடிக்கொண்டார். சிறுநீர் வந்த செய்தியைக் கேட்டு ஒரு மனிதன் இப்படிச் சந்தோஷப்பட முடியும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். விலா வலி அப்படியேதான் இருந்தது. அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

டயாலிசிஸ் காலத்தில் தாயம்மாளுக்குத் தண்ணீர் அளவாகத்தான். நாக்கு வறண்டால் ஒரு துண்டு ஐஸை வாயில் அடக்கிக்கொள்வாள். இப்போது நர்ஸ் சொம்பு சொம்பாகக் கொண்டுவந்து வைத்து, குடி, குடி என்று விரட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று நல்லசிவம் பார்த்தார். அவள் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்கலாமா என்று கேட்பதுபோல அவரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார். அண்ணாந்து குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு பயம் இருக்கத்தான் செய்தது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரைகளை அவள் முழு அளவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஒரு தடவை செருமினால் போதும், நல்லசிவம் பேப்பரை வைத்துவிட்டு எழுந்து வருவார். முதுகைக் காட்டு, இடுப்பைக் காட்டு, சிவப்புக் கோடு ஏதும் ஓடுகிறதா என்று பார்ப்பார். "இதென்ன வெக்கங்கெட்ட மனுசனாப் போயிட்டிய" என்று தாயம்மாள் அடிக்க வருவாள். ஒருமுறை உண்மையாகவே இருமல் வந்தது. உடனே மூவருமாக வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். எக்ஸ்ரே எடுத்து, சளியைப் பரிசோதித்து, ரத்தம் பார்த்தபின் சிந்து வெளியே வந்தாள்.

"வெறும் சளி. பூச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆன்ட்டிக்கு அங்கிள்தான் கொஞ்சம் ஓவர்டோஸ்."

அன்று ஆட்டோவில் திரும்பும்போது நல்லசிவம் இரண்டு தும்மல் தும்மினார். ரிங் ரோடு தூசி. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாயம்மாள் தன் முந்தானையால் அவர் மூக்கைத் துடைத்துவிட்டு, "இப்பந்தான் நீங்க தில்லிக்காரரு" என்றாள்.

இதற்கெல்லாம் நடுவே சிந்து கேட்ட ஒரு கேள்வி நல்லசிவத்தின் மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. "அந்த வயல்ல உங்களோட வேற யார் அங்கிள் வேலை செஞ்சாங்க?"

அண்ணன் பரமசிவம் இன்னமும் அதே வயலில்தான் நடுகிறார். கொஞ்ச நாளாக அவருக்கு இளைப்பு. கடைத்தெரு மருந்துக்கடையில் வெள்ளையாக ஒரு சின்ன மாத்திரை தருவான், போட்டால் நெஞ்சு திறந்துவிடும் என்று போனில் சொல்லியிருந்தார். வெள்ளை மாத்திரை என்றால் என்ன என்பது இப்போது நல்லசிவத்துக்குத் தெரியும். கூப்பிட்டார்.

"அண்ணே, அந்த மாத்திர ஸ்டீராய்டு, எதிர்ப்புச் சக்தியக் கொறைக்கும். அதத் தொடர்ந்து போடுறதுக்கு முந்தி வயித்துல பூச்சி இருக்கான்னு பாக்கணும்."

"ஏல, டெல்லிக்குப் போயி கிட்னியக் குடுத்தா மூளையுமா கழண்டு போகும்? அறுவது வயசுல எனக்குப் பூச்சி பாக்கணுமாம்ல!"

கேட்கிற ஆள் இல்லை. நல்லசிவம் கெஞ்சினார், சத்தம் போட்டார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் தாயம்மாள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பெரியத்தான், நான் தாயம்மா பேசுதேன். இவியளுக்கு இருந்த பூச்சி எனக்கு வந்திருந்தா இந்நேரம் நீங்க எனக்குக் காரியத்துக்கு வந்து போயிருப்பிய. ஒங்களுக்காகக் கேக்காண்டாம், எனக்காகப் போங்க. போகாட்டா நான் ரயிலேறி வருவேன். டாக்டர் என்னைய வீட்டவிட்டு எறங்கக்கூடாதுன்னுருக்காவ. நான் எறங்கி எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அது ஒங்க பொறுப்பு."

"சரித்தா" என்றார் பரமசிவம்.

பரமசிவம் திருநெல்வேலிக்குப் போய்ப் பரிசோதித்துக்கொண்டார். அவருக்கும் இருந்தது. தம்பிக்கு இருந்ததைவிட அதிகமாக. சிந்து அங்குள்ள டாக்டரிடம் போனில் பேசி, எந்த மாத்திரை, எப்படி என்று சொன்னாள். வெள்ளை மாத்திரையை அவர்கள் பார்த்துப் பக்குவமாக நிறுத்தினார்கள்.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் பரமசிவமே கூப்பிட்டார். போனை ஒலிபெருக்கியில் போட்டு மேஜைமேல் வைத்தார்கள். தாயம்மாள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அகல்யா காத்துக்கொண்டிருந்தாள்.

"ஏல நல்லசிவம், பூச்சியெல்லாம் போயிட்டுன்னு சொல்லிட்டாவ. இளைப்புங்கூட இப்பக் கொறச்சல்தான். மக எனக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கித் தந்திருக்கா. அதப் போட்டுக்கிட்டு நேத்து வயல்ல எறங்குனேன். சேத்துக்குள்ள ஒரு பூட்ஸ் மாட்டிக்கிட்டு. நான் ஒரு பக்கம், பூட்ஸ் ஒரு பக்கம். நடவு நட வந்த பொம்பளைய அத்தன பேரும் நாத்தக் கீழ போட்டுட்டுச் சிரிக்காளுவ."

"பூட்ஸ எடுத்தீயளா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் தாயம்மாள்.

"எடுத்தேன், எடுத்தேன். கழுவி வெயில்ல காயப் போட்டிருக்கேன். நாளைக்கும் போட்டுக்கிட்டுத்தான் எறங்குவேன், ஒனக்குப் பயந்து."

தாயம்மாள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தாள். நல்லசிவம் எழுந்துபோய், கருகத் தொடங்கிய தோசையைத் தானே திருப்பிப்போட்டார்.